கொப்பியின் கடைசித் தாள்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுவினர் கல்லூரிக் காலத்தைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். அதிபர்களையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். எனக்கு அன்றும் இன்றும் ஞாபகத்தில் நிற்பது, 1982இல் நாங்கள் ஐந்து பேர் போட்ட ஒரு திட்டம். திருகோணமலையை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது என்பது அது. பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றிப் பார்ப்பதா என்று சிரிக்காதீர்கள். கோணேசர் கோயிலுக்கு ஊர்க்காரன் போவது திருவிழாவுக்கு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவது வீட்டில் யாராவது செத்தால், கிரியை செய்ய. நிலாவெளிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்தான் போவார்கள் என்று நாங்கள் நம்பியிருந்த காலம்.

திட்டம் பிறந்தது பௌதிக வகுப்பில். எழுதியது வகுப்பு மொனிற்றரின் சீ.ஆர். கொப்பி என்ற தடித்த அட்டைக் கொப்பியின் கடைசித் தாளில், ஏனென்றால் எழுத இடமிருந்த கொப்பி அவனிடம் மட்டும்தான் இருந்தது. காலை 5 மணி கோணேசர். 8 மணி கன்னியா. 10 மணி நிலாவெளி, புறாமலை. 2 மணி லாஞ்சியில் மூதூர். அதற்குக் கீழே தனி வரியில் “தயிர்”. 6 மணி வீடு. எல்லாம் சைக்கிளில். ஆளுக்கு 10 ரூபா. கன்னியா மேற்கே அநுராதபுர வீதிப் பக்கம், நிலாவெளியும் அதற்கு எதிரே கடலிலுள்ள புறாமலைத் தீவும் வடக்கே, மூதூர் லாஞ்சி என்ற மோட்டார்ப் படகில் கொட்டியார் குடாவைக் கடந்து அந்தப் பக்கம் தெற்கே. இந்த மூன்று திசைகளும் ஒரு நாளைக்குள் அடங்காது என்பது அந்தக் கடைசி வாங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம். திட்டம் போடும்போது இருந்த சந்தோஷம் அப்படி.

தாள் கை மாறிக் கை மாறிக் கடைசியில் புவியியல் சேரின் கையில் போய்ச் சேர்ந்தது. அடி விழும் என்று இருந்தோம். அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக் கன்னியாவை வெட்டினார். மூதூரை வெட்டி, பக்கத்தில் “லாஞ்சி தவறினால் இரவு மூதூரில்தான்” என்று எழுதினார். பிறகு கரும்பலகையில் எங்கள் ஊரை வரைந்தார். கிழக்கே டச்சுக் குடாவும் பின்குடாவும், மேற்கே உள்துறைமுகம், நடுவில் ஒரு கழுத்துப் போல ஒடுங்கிய நிலத்தில் பட்டினம். “சூரியன் தண்ணீரிலிருந்து எழும்புறதையும், நடந்து போற தூரத்திலை இன்னொரு தண்ணீருக்கு அங்காலை இறங்கிறதையும் பாக்கக் கிடைச்ச பெடியள் நீங்கள். காலமை கோணேசர், பின்னேரம் உள்துறைமுகம். நடுவிலை ஒண்டே ஒண்டு. அதுக்கு மேலை ஆசைப்படாதேங்கோ” என்றார்.

நாங்கள் ஆசைப்பட்டோம்.

காலை நன்றாகத்தான் தொடங்கியது. கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லைத் தொட்டுவிட்டு ஏறினோம். 1622இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அந்தக் கல்லில்தான் கோட்டையைக் கட்டினார்கள். அதனால் சுவரில் எது கோயிற்கல் என்று பந்தயம் பிடித்துத் தேடுவது எங்களுக்கு ஒரு விளையாட்டு. இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்குப் பக்கத்தில் நின்று, 300 அடிக்கு மேல் கீழே கடல் மோதுவதைப் பார்த்தோம். சூரியன் எழும்பியது. திரும்பி வந்தால், சைக்கிள் கைபிடியில் தொங்கவிட்டிருந்த ஐந்து சோற்றுப் பார்சல்களில் இரண்டைக் கோட்டை மான்கள் தின்று முடித்திருந்தன. மாசிச் சம்பல் மட்டும் மிச்சம். மானுக்கு உறைப்பு ஆகாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

கன்னியாவில் ஏழு கிணறுகளில் எது கூடச் சூடு என்ற வாதத்தில் ஒரு மணித்தியாலம் போனது. அங்கிருந்து நிலாவெளி வீதிக்கு ஏறி, உப்புவெளி தாண்டும்போது எங்களில் கட்டையன் என்று பட்டம் வாங்கியவனின் பின் ரியூப் வெடித்தது. இரண்டு பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடை தேடிப் போக, மற்ற மூவரும் வீதியோரத்தில் யுத்த மயானத்தின் மர நிழலில் இருந்தோம். நூறு தடவை கடந்து போன இடம். உள்ளே போனது அன்றுதான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை அப்பாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கல்லில் பெயருக்குக் கீழே வயதும் வெட்டியிருந்தார்கள். 19. 20. 22. எங்கள் சோடாப்புட்டி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனவன், பாதியில் வாசிப்பதை நிறுத்திவிட்டான். அவனுக்கு அந்த மாதம் 19 பிறந்திருந்தது.

ரியூப் ஒட்டி முடிய மணி மூன்று. உப்புவெளிக் கடலில் விழுந்து குளித்துவிட்டு வீட்டுக்குப் போனோம். புறாமலை இல்லை, மூதூர் இல்லை, தயிர் இல்லை. உள்துறைமுகத்தைக் கடக்கும்போது இருட்டிவிட்டது. அடுத்த கிழமை சேர் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு சிரிப்பு மட்டும்.

அடுத்த ஆண்டு 1983. அதற்குப் பிறகு கலவரம், யுத்தம் என்று என்ன நடந்தது என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஐவரில் நால்வர் ரொறன்ரோ, லண்டன், ஒஸ்லோ, சிட்னி என்று போனோம். மொனிற்றர் மட்டும் ஊரிலேயே இருந்தான்.

2023 ஆடியில் ஐந்து பேரும் ஊரில் சந்திப்பது என்று முடிவானது. உடனே ஒரு வட்சப் குழு. எனக்கு இரவு பத்தரை என்றால் ஊரில் காலை எட்டு, லண்டன்காரனுக்கு விடிய மூன்றரை, சிட்னிக்காரனுக்கு மத்தியானம். ஆறு மாதம் பேசினோம். ஒருவனுக்கு முழங்கால் வருத்தம், படி ஏறமாட்டான். ஒருவன் வெள்ளியில் மீன் தொடமாட்டான். ஒருவன் ஏசி இல்லாத வானில் ஏறமாட்டான். ஒஸ்லோக்காரன் நிறம் நிறமாகக் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று அனுப்பினான். அதில் பழையபடி எல்லாம் இருந்தது, கன்னியா, நிலாவெளி, மூதூர். எல்லாவற்றுக்கும் மொனிற்றரின் பதில் ஒன்றுதான்: “வாங்கோ, பாப்பம்.”

போய் இறங்கினால், அவன் வான் பிடித்து, படகுக்காரரோடு பேசி, மச்சாளிடம் சமையலும் சொல்லி வைத்திருந்தான். சேர் விட்ட மூன்றே மூன்றுதான் அவனுடைய திட்டம். நடுவில் உள்ள ஒன்று, புறாமலை.

இந்த ஆண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் போங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் அந்தக் காலத்தில் வெயில் கொளுத்தும்தான், ஆனால் கரையோரக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். வடகிழக்கு வாடைக் காற்றுத் தொடங்கினால் அந்தக் கடலை நம்ப முடியாது. (கச்சான் என்றால் வறுத்துத் தின்னும் நிலக்கடலை என்று மட்டும் என் மகள் நினைத்திருந்தாள்.) நிலாவெளியிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர் அளவுதான், முதல் படகுகளிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு சந்தை. 2003இலிருந்து அது தேசியப் பூங்கா. பவளப் பாறையில் கால் வைக்கக்கூடாது. சிறிய சுறாக்கள் காலடியில் ஓடும். கடிக்காது, ஆனால் சிட்னிக்காரன் போட்ட சத்தத்தில் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

ரிக்கற் எடுக்கும் இடத்தில்தான் எனக்கு ஒரு மாதிரிப் போனது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைப் போலப் பல மடங்கு. சட்டம் சட்டம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. மொனிற்றர் உள்ளூர் ரிக்கற்றோடு ஒரு பக்கம் நிற்க, நாங்கள் நால்வரும் கடவுச்சீட்டுகளோடு மறுபக்கம். சோடாப்புட்டி பணப்பையின் அடியில் தோண்டி, ஒன்பது இலக்கமும் வி எழுத்தும் போட்ட அவனுடைய பழைய அடையாள அட்டையை எடுத்து நீட்டினான். ரிக்கற் கொடுத்த பிள்ளை படத்தைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, திரும்பவும் படத்தைப் பார்த்தது. “இது ஆர் ஐயா, உங்கடை மகனோ?” என்றது. அவனும் வெளிநாட்டு விலைதான் கட்டினான்.

மத்தியானம் மொனிற்றர் வீட்டுச் சாப்பாடு. பாரை மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மாசிச் சம்பல். கடைசியில் மச்சாள் ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தா. எருமைத் தயிர். “மூதூர்த் தயிர்தான். லாஞ்சியிலை வரேல்லை, வீதியாலை வந்தது” என்றான் மொனிற்றர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் கிண்ணியாவில் பாதைப் படகுக்குக் காத்து நிற்கத் தேவையில்லை. பாணி ஊற்றி, ஐந்து பேரும் சட்டியைச் சுரண்டும் வரைக்கும் ஒருவரும் கதைக்கவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு உள்துறைமுகக் கரையில் இருந்தோம். சேர் சொன்ன இரண்டாவது தண்ணீர். அவர் இப்போது இல்லை. கடலை வாங்கிக் கொறித்தபடி, இனி அடுத்த முறை மூதூருக்கு வீதியால் போவதா, லாஞ்சியில் போவதா என்று தொடங்கினோம். ஒஸ்லோக்காரன் கைபேசியில் புதிய அட்டவணையைத் திறந்தான். கன்னியாவை எந்த நேரத்தில் செருகுவது என்பதில் சிட்னிக்கும் லண்டனுக்கும் சண்டை. மொனிற்றரும் எட்டிப் பார்த்து, அது சரிவராது என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

வான் ஓட்டி வந்த தம்பி பின்னாலிருந்து சொன்னான்:

“ஐயா, சூரியன் போயிட்டுது.”