பானெட் திறக்கத் தெரியாத நாட்கள்

நான் தொழில் கற்றது மலேசியாவின் தாப்பாவில், கேமரன் மலைக்குப் பிரியும் சாலையோரப் பட்டறை ஒன்றில். வார நாட்களில் செம்பனை லோரிகளும் வாத்தியார்களின் மைவி சின்னக் கார்களும் வரும். சனி ஞாயிறு வந்தால் கோலாலம்பூரிலிருந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் கூட்டமாக மலையேறும். ஏறும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள், இறங்கும்போது பிரேக் கருகிய வாடையோடு வந்து நிற்பார்கள்.

சேர்ந்த புதிதில் அப்படி வந்தது ஒரு மாஸ்டா எம்எக்ஸ்-5, பழைய மாடல். கண்ணாடி கழுவும் தண்ணீர் ஊற்றச் சொன்னார் முதலாளி. "தம்பி, அது அலுமினிய பானெட். ஒரே இடத்துல அமுக்கினா குழி விழும்" என்று எச்சரித்தும் வைத்தார். பயந்துபோய், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது போல மூடினேன். கார் பீடோர் பக்கம் போய் அரை மணியில் திரும்பி வந்தது. வேகம் எடுத்ததும் பானெட் விளிம்பு படபடவென்று அடித்ததாம். மெயின் பூட்டு விழவே இல்லை. இரண்டாவது கொக்கி ஒன்றுதான் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலாளி திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. என் விரலைப் பிடித்து அந்தக் கொக்கியின் மேல் வைத்தார். அதுவரை, பானெட் திறக்கும்போது கையை உறுத்தும் ஒரு தொல்லை என்றுதான் அதை நினைத்திருந்தேன். கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கும் பானெட்டுக்கு அடியில் காற்று புகுந்தால், அப்படியே தூக்கிக் கண்ணாடியில் அறையும். ஓட்டுபவருக்குச் சாலை தெரியாது. அமெரிக்காவில் 1969 முதல், திறந்தால் ஓட்டுநர் பார்வையை மறைக்கும் பானெட்டுக்கு இரண்டாவது பிடி கட்டாயம் என்று பின்னாளில் அறிந்தேன்.

கீலை மூக்கில் வைத்துவிட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். பூட்டு விட்டாலும் எதிர்க்காற்றே கீழே அழுத்தும். 1961-இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் அப்படித்தான். மட்கார்டோடு சேர்ந்து முன்பாதி முழுவதும் முன்னால் கவிழும். முதலில் வந்த சில நூறு கார்களுக்குப் பூட்டு வெளியே இருந்தது, திறக்கத் தனிச் சாவி வேண்டும். எங்களிடம் ஒருமுறை வந்ததில் உள்ளேயே இரண்டு பக்கமும் லிவர். பெரியவர் ஒருவர் அதைக் கவிழ்த்ததும் டீக்கடையில் இருந்த பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள்.

கார்பன் ஃபைபர் பானெட் பையன்கள் வேறு ரகம். அந்த லேசான தகட்டில் ஒரு பூட்டை மட்டும் நம்ப முடியாது. அதனால் இரு மூலையிலும் 'பின்' என்கிற முளை வைத்துக் கிளிப் செருகுவார்கள். கிளிப்பைத் தொலைத்துவிட்டு வந்த ஒருவனுக்கு, ரப்பர் மரத்தில் பால் கிண்ணம் தாங்கும் கம்பியை வளைத்துச் செருகிக் கொடுத்தேன். சிலர் அந்த முளை மாதிரி ஸ்டிக்கர் மட்டும் ஒட்டியிருப்பார்கள். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல்.

அப்புறம் அந்த போர்ஷே. பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு வந்தவருடைய 911 மாடல், அதில் 997 வகை. உள்விளக்கு எரிந்தபடியே இரண்டு நாள் நின்றதில் பேட்டரி செத்துவிட்டது. எஞ்சின் பின்னால். பேட்டரியோ முன்மூடிக்குள். அந்த மூடி திறக்க மின்சாரம் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். கம்பி விட்டுப் பார்க்கலாமா என்றேன். "கைய வச்சிராத!" என்று முதலாளி யாருக்கோ போன் போட்டார். வழி ஃபியூஸ் பெட்டியில் இருந்தது. அங்கே வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனை உண்டு. வேறு பேட்டரியின் பாசிட்டிவ் அதில், நெகட்டிவ் கதவுப் பூட்டு வந்து மாட்டும் இரும்பில். கொடுத்ததும் சைரன் அலறியது. லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஓடி வந்தார்கள். ரிமோட்டை அமுக்கியதும் மூடி 'டக்' என்று எழும்பியது. அந்த முனை மூடியைத் திறக்க மட்டும்தான். அதிலிருந்தே வண்டியை ஸ்டார்ட் செய்யப் பார்க்கக் கூடாது.

உள்ளே பேட்டரிக்கு முன்னால் ஒரு லட்டுப் பெட்டி. கார்க்காரர் ஆளுக்கொன்று கொடுத்தார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி முடித்ததும் அவரே மூடியை அமுக்கி மூடினார். யாரும் சொல்லாமலே நான் போய், லட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, விளிம்பில் விரல் கொடுத்து ஒருமுறை மேலே இழுத்துப் பார்த்தேன்.