கார் கொட்டில் கதவும் அறுந்த ஸ்பிறிங்கும்

2025 ஜனவரி 7, செவ்வாய்

இரவு 10.45 இருக்கும், கார் கொட்டில் பக்கம் ‘டமார்’ என்றொரு சத்தம். யாழ்ப்பாணத்தில் யுத்தம் பார்த்த எங்கள் வயதுக்காரருக்கு அப்படியொரு சத்தம் கேட்டால் முதலில் கால்தான் யோசிக்கும், மூளை பேந்துதான். அம்மா கட்டிலை விட்டு இறங்கிச் சுவரோரம் போய் நின்றுவிட்டார். தகரத்தில் தேங்காய் விழுந்திருக்கும் என்று சொல்லி அவரைப் படுக்க வைத்துவிட்டு ரோர்ச் அடித்துப் பார்த்தேன். தேங்காயும் இல்லை, தகரம் நெளிந்திருக்கவும் இல்லை. நாய் மட்டும் கொட்டில் கதவைப் பார்த்துக் குரைத்துக்கொண்டே நின்றது. அதுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 8, புதன்

காலையில் றிமோட்டை அழுத்தினால் மோட்டர் முக்குகிறது. மேலே சுருண்டு ஏறுகிற றோலர் கதவு அது, ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. மூன்று தரம் அழுத்திப் பார்த்தேன், மூன்று தரமும் அதே சாண். அப்படி அழுத்தினது பிழை என்று இப்போதுதான் தெரிகிறது: பாரத்தைத் தூக்குவது மோட்டர் இல்லை, ஸ்பிறிங். ஸ்பிறிங் முக்கால்வாசிக்கு மேல் தாங்கிக்கொள்ள, மோட்டர் சும்மா சுழற்றிவிடுகிற ஆள். ஸ்பிறிங் போன பிறகும் அதை ஓடவிட்டால் அதுவும் கருகிப் போகும்.

கயிற்றை இழுத்து மோட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கினேன். வழக்கமாக அம்மாவே ஒரு கையால் தள்ளி ஏற்றுகிற கதவு, இன்றைக்கு வலப்பக்கம் கொஞ்சம் வந்தது, இடப்பக்கம் பிணம் மாதிரிக் கிடந்தது. உள்ளே காரைத் தவிர நெல் மூட்டை இரண்டும் பொங்கலுக்கு எடுத்து வைத்த விறகும் இருக்கின்றன. பக்கக் கதவு வைக்கச் சொல்லி 2017இல் மேசன் கேட்டபோது வேண்டாம் என்றவன் நான்தான். விறகை யன்னலால் எடுக்கலாம், காரை?

ஜனவரி 9, வியாழன்

அப்பாவுக்கு 78. காலையில் அலவாங்கோடு வந்து நின்றார். “உதுக்கு ஏன் ஆள்? நான் மண்ணெண்ணெயில கார் ஓட்டினவன்.”

அது உண்மைதான், அதனால்தான் மறுத்துப் பேசமுடியவில்லை. 1990இல் பெற்றோல் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்தில் ஓடின வாகனம் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். பற்றறியும் இல்லாத காலம் அது, சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோவில் செய்தி கேட்டவர்கள். அப்பாவின் அந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்தான் இப்போதும் கொட்டிலுக்குள் நிற்கிறது. அவருக்கு ஒரு சாமான் பழுதென்றால் அது திருத்தப்படுவதற்காகக் காத்திருக்கிற சாமான், அவ்வளவுதான்.

சரி என்று நானும் பக்கத்து வீட்டு அண்ணையும் அலவாங்கால் கதவை நெம்பி மூன்று அடி உயர்த்தினோம், அப்பா உலக்கையை முட்டுக் கொடுத்தார். அம்மா மா இடிக்கிற உலக்கை. நான் குனிந்து உள்ளே போகத்தான் நினைத்தேன், போகவில்லை, ஏனென்று தெரியவில்லை, செருப்பு வார் கழன்றிருந்தது, அதைப் பார்க்கக் குனிந்தேன். உலக்கை சீமெந்தில் மெல்ல வழுக்கியது. ஒரு சத்தமும் இல்லாமல் ஒரு விரற்கடை, பிறகு ஒரேயடியாகக் கதவு இறங்கிவிட்டது. வாசல் சீமெந்தில் ஒரு துண்டு பெயர்ந்து என் முழங்காலில் பட்டுத் தெறித்தது. உலக்கையின் இரும்புப் பூணில் வளைவு.

அப்பா ஒன்றும் சொல்லாமல் அலவாங்கைக் கொண்டுபோய் வைத்தார். அம்மா மட்டும் சொன்னார், ஆனால் அதை இங்கே எழுதமுடியாது.

ஜனவரி 10, வெள்ளி

சுன்னாகம் பக்கம் றோலர் கதவு போடுகிற தம்பி ஒருவன் வந்தான். முந்தி இந்தக் கதவைப் போட்டுத் தந்த கடைக்குத்தான் முதலில் எடுத்தேன், அவர்கள் மூன்று நாளாக ‘நாளைக்கு’ என்கிறார்கள், அதனால் அதை விட்டேன்.

வந்தவன் கதவைத் தொடவே இல்லை. முதலில் மேலே பார்த்தான், பிறகு வாசல் சீமெந்தைப் பார்த்தான். “ஐயா, இதுக்குள்ள ஆர் தலையை விட்டது?” அப்பா தென்னையைப் பார்த்தார்.

அவன் விளக்கினது எனக்குப் பிடித்தது. சுவரில் இரண்டு இரும்புக் கையில் ஒரு குழாய் அசையாமல் நிற்கிறது, அதைச் சுற்றித் தகடு சுருளும் சில்லுகள், அந்தச் சில்லுகளுக்கும் குழாய்க்கும் இடையில் ஒளிந்திருக்கிறது ஸ்பிறிங், பக்கத்துக்கு ஒன்று. கதவு கீழே வர வர அது முறுகும், அதனால் பூட்டிக் கிடக்கிற கதவில்தான் முறுக்கு உச்சத்தில் இருக்கும். இரவில் ஒருவரும் தொடாமலே அறுந்தது அதனால்தான். மேலே ஏற்றின பிறகும் கொஞ்ச முறுக்கு மிச்சம் இருக்கும், அந்தக் கொஞ்சத்துக்கே கை முறியும் என்றான். குழாயைப் பிடிக்கிற யூ போல்ட்டை ஆட்கள் தெரியாத்தனமாகத் தளர்த்துவார்களாம், குழாய் அப்படியே சுழன்று அடிக்குமாம்.

ஒட்டுற கடையில் கொடுத்து ஸ்பிறிங்கை ஒட்டலாமா என்று அப்பா கேட்டார். ஒட்டலாம் ஐயா, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில் அறும் என்றான். சூடு பட்டால் அந்த இரும்பின் பதம் போய்விடும்.

சாதாரண ஸ்பிறிங்குக்குப் பத்தாயிரம் தரம் என்று ஒரு கணக்காம், திறந்து பூட்டினால் ஒரு தரம். நாங்கள் நாளுக்கு நாலு தரம், 2017 கடைசியில் போட்டது. போனில் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட ஏழு வருஷம் வருகிறது. மிகச் சரியாகச் செத்திருக்கிறது. நவம்பர் கடைசி மழைக்கு முற்றம் குளமாக நின்று, ஈரக் காற்று உள்ளேயே கிடந்ததும் அதை அவசரப்படுத்தியிருக்கும்.

இந்த அளவுக்கு ஸ்பிறிங் இங்கே இல்லை, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வரவேண்டும். இரண்டையும் மாற்றவேண்டும் என்கிறான். “மற்றது நல்லாத்தானே இருக்கு” என்று அப்பா. “அதுக்கும் அதே வயசுதான் ஐயா.”

ஜனவரி 11, சனி

சின்னம்மா சென்னையிலிருந்து பலாலி விமானநிலையத்தில் இறங்கினார். காரில் கூப்பிடுகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லி வைத்தது. ஓட்டோவில் போனேன். மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி, அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பை. வரும் வழியெல்லாம் ஒஸ்ரின் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தார். உள்ளே நிற்கிறது என்றேன்.

ஸ்பிறிங் பார்சல் காலையிலேயே வந்துவிட்டது. திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை, செவ்வாய் பொங்கல், ஆகவே நாளைக்கு இல்லாவிட்டால் பிறகு புதன்தான்.

ஜனவரி 12, ஞாயிறு

முடிந்தது. பின்நேரம் 2 மணிக்குத் தொடங்கி 5.30.

நாலு பேர் சேர்ந்து கதவை முழுதாக மேலே ஏற்றினோம். ஏற்றினதும் அவன் செய்த முதல் வேலை சுருளை நைலோன் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டினது. பிறகு பைப் ஸ்பனரால் குழாயைக் கவ்வி, தன் பாரத்தை அதில் கொடுத்து நின்றுகொண்டு, உதவிக்கு வந்த பொடியனை யூ போல்ட்டைத் தளர்த்தச் சொன்னான். ‘டக்’ என்று ஒரு உதைப்பு, அவன் தோள் அசைந்தது, பிறகு மெல்ல மெல்ல விட்டான். பேச்சே இல்லை. ஒரு ஸ்பிறிங்தான் உயிரோடு இருந்தது, அதுவும் அரைவாசி இளகின நிலையில், அதற்கே அந்த உதைப்பு. மூன்று நாளைக்கு முன் நாங்கள் உலக்கையோடு நின்றதை நினைத்துப் பார்த்தேன்.

முழுச் சுருளையும் கயிற்றில் இறக்கி இரண்டு வாங்கில் மேல் வைத்தார்கள். குழாயை உருவினதும் அறுந்த ஸ்பிறிங் இரண்டு துண்டாக வந்தது. அறுந்த முகத்தை வெயிலில் பிடித்துக் காட்டினான்: ஒரு ஓரம் பிறை மாதிரிக் கபில நிறம், மிச்சம் உப்புக்கல் மாதிரி மினுங்குகிறது. கபில நிறம் கன நாளாக உள்ளே ஓடிக்கொண்டிருந்த வெடிப்பு, துரு ஏறியிருக்கிறது. மினுங்குகிற பகுதிதான் செவ்வாய் இரவு 10.45.

புதிய ஸ்பிறிங்குகளுக்குக் கிறீஸ் பூசி மாட்டி, சுருளை மேலே ஏற்றி, இரண்டு சுற்றும் இன்னும் கால் சுற்றும் முறுக்கேற்றி இறுக்கினார்கள். பிறகு கதவைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கையை எடுத்தான். நின்றது. கீழேயும் வரவில்லை, மேலேயும் போகவில்லை. “இப்ப மோட்டரைக் கொழுவுங்கோ.” பக்கத்துத் தவாளிப்புகளுக்குக் கிறீஸ் போடக்கூடாதாம், செம்மண் தூசி ஒட்டிக் களியாகிவிடும், துணியால் துடைத்தாலே காணும் என்றான்.

ஸ்பிறிங், பார்சல், கூலி எல்லாமாக 26,000 ரூபா. உலக்கைக்குப் பூண் போட எவ்வளவு என்று இன்னும் கேட்கவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

விடிய முற்றத்தில் பொங்கினோம், கிழக்கே பால் சரிந்தது. பிறகு எல்லோரும் ஒஸ்ரினில் நல்லூருக்கு. சின்னம்மா முன் சீற்றில்.

திரும்பி வந்து பார்த்தால் அப்பா அந்த நல்ல பழைய ஸ்பிறிங்கை எண்ணெய்த் துணியில் சுற்றி, கொட்டில் பரணில் டைனமோவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அறுந்த இரண்டு துண்டையும்கூட. பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தால் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். எதுக்குக் கொடுக்கவேண்டும் என்றார்.