அல்கொங்குவினுக்குப் பிள்ளைகளோடு ஒருநாள்

ரொறன்ரோவிலிருந்து அல்கொங்குவின் பூங்காவின் மேற்கு வாசலுக்கு ஏறத்தாழ மூன்று மணிநேர ஓட்டம். 400, 11 ஆம் நெடுஞ்சாலைகளைப் பிடித்து ஹன்ஸ்வில் போய், 60 ஆம் நெடுஞ்சாலையில் திரும்ப வேண்டும். பெற்றோலை ஹன்ஸ்விலிலேயே அடித்துவிடுங்கள்.

நாள் அனுமதியை ஐந்து நாளுக்கு முன்பிருந்தே இணையத்தில் எடுக்கலாம். செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் சிவக்கும் வார இறுதிகளில் அது தீர்ந்துவிடும். வாசலில் வாங்கலாம் என்று வந்தவர்கள் திரும்பித்தான் போக வேண்டியிருக்கும்.

1893 இல் உருவான இந்தப் பூங்கா 7,600 சதுர கிலோமீற்றருக்கும் பெரியது. முழுவதையும் பார்க்கும் ஆசையை விடுங்கள். குறுக்கே ஓடும் 56 கிலோமீற்றர் சாலையே போதும். மேற்கு வாசல் பூச்சியம். அங்கிருந்துதான் எல்லா இடங்களுக்கும் கிலோமீற்றர் கணக்கு. காலையில் நேரே 39.7 க்குப் போய் 'லுக்அவுட்' பாதையில் ஏறுங்கள். இரண்டு கிலோமீற்றர்தான், ஆனால் ஏற்றம். கால் களைக்குமுன் முடிப்பது நல்லது. உச்சியில் செங்குத்துப் பாறை, சின்னவர்களின் கையை விடவேண்டாம். பிறகு 42.5 இல் சதுப்பின்மேல் போட்ட பலகைப் பாதை. 43 இல் பார்வையாளர் மையம், மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். 15.4 இல் தொடங்கும் 'மிஸி லேக்' பாதை ஏறக்குறைய 11 கிலோமீற்றர். சிறுபிள்ளைகளோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் வரை கருப்பு ஈ. நுளம்பை விடப் பொல்லாதது இது: பகலில்தான் கடிக்கும், காதின் பின்புறத்திலும் தலைமயிர் தொடங்கும் இடத்திலும் ஊர்ந்துபோய்க் கடித்து இரத்தம் கசிய வைக்கும். கடும் நிற உடுப்பைத் தேடி வரும். வெளிர் நிறத்தில் நீளக் காற்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். இத்தனைக்கும் மூஸ் என்ற பெரிய மானைப் பார்க்க அதுதான் நல்ல காலம். குளிர்காலத்தில் சாலைக்குப் போட்ட உப்பு ஓரப் பள்ளங்களில் தேங்கியிருக்கும். அதைக் குடிக்கத்தான் விடியற்காலையில் வரும். கண்டால் வாகனத்தை முழுதாக ஓரங்கட்டி, உள்ளேயிருந்தே பாருங்கள்.

இரவு தங்குவதானால் முகாமிடத்தை ஐந்து மாதத்துக்கு முன்பிருந்தே பதியலாம். ஒரே குடும்பம் இல்லையென்றால் ஓர் இடத்தில் ஆறு பேருக்குமேல் விடமாட்டார்கள்; மூன்று குடும்பம் சேர்ந்து ஓர் இடத்தை எடுக்கும் நம்மவர் கணக்கு அங்கே சரிவராது. மசாலா தடவிய கோழியும் பற்பசையும் கரடிக்கு ஒன்றுதான். இரண்டும் வாகனத்துக்குள் பூட்டியிருக்க வேண்டும், கூடாரத்துக்குள் அல்ல.