இன்னர் வயர விடுங்க, அவுட்டர பாருங்க

போன மாசம் ஏற்காட்டுல இருந்து சைக்கிள்ல இறங்கும்போது பின் பிரேக் லீவர் திடீர்னு ஹேண்டில்பாரோட போய் ஒட்டிக்கிச்சு. 20 கொண்டை ஊசி வளைவு உள்ள ரோடு, பாதி கூட இறங்கல. முன் பிரேக்க விட்டு விட்டு புடிச்சு எப்படியோ ஓரங்கட்டுனேன். இன்னர் வயர் அறுந்திருக்கும்னு பாத்தா அது கல்லு மாதிரி இருக்கு, வெடிச்சிருந்தது அவுட்டர், அதாவது இன்னர் வயர் உள்ள ஓடுற மேல் உறை. பிளாஸ்டிக் கிழிஞ்சு உள்ள இருந்த கம்பியெல்லாம் தொடப்பக்குச்சி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது.

அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடிதான் ஒரு கடையில கியர், பிரேக் ரெண்டுக்கும் புது வயர் போட்டேன். ஒரே அவுட்டர் ரோல்ல இருந்து ரெண்டுக்கும் வெட்டிப் போட்டுட்டாங்க, நானும் பக்கத்துலயே நின்னு டீ குடிச்சிட்டு இருந்தேன்.

பிரேக் அவுட்டர்ல கம்பி ஸ்பிரிங் மாதிரி சுத்திச் சுத்தி இருக்கும், எவ்ளோ இழுத்தாலும் வெடிக்காது. கியர் அவுட்டர்ல மெல்லிசு கம்பிங்க நீளவாக்குல போகும், அதுங்கள புடிச்சு வச்சிருக்கறது மேல இருக்குற பிளாஸ்டிக்தான், பிரேக் இழுப்புக்கு அது தாங்காது, என்னோடது வெடிச்சதும் அதனாலதான். சரி பிரேக் அவுட்டரயே கியருக்கும் போட்டுடலாமேன்னா, ஸ்பிரிங் அமுங்கும், ஹேண்டில திருப்புனா நீளம் மாறும், ஒரு கிளிக்குக்கு இழுபடறதே சில மி.மீ.தான்ங்கறப்ப கியர் எங்க போய் உக்காரும்? மெக்கானிக்கல் டிஸ்க், அதாவது வயரால இழுக்குற டிஸ்க் பிரேக்குக்குன்னே நேர்க்கம்பி வச்சு மேல கெவ்லார்ங்கற உறுதியான நாரு சுத்துன அவுட்டர் வருது, அது பிரேக்குக்கே செஞ்சது, பயமில்ல, காசுதான் கூட.

பிரேக்குக்கு 5 மி.மீ., கியருக்கு 4 மி.மீ.ன்னு சொல்வாங்க, ஆனா 5ல வர்ற கியர் அவுட்டரும் இருக்கு, அதனால தடிமன நம்பாம வெட்டுன முனைய பாருங்க. வட்டமா புள்ளி புள்ளியா கம்பி தெரிஞ்சா நேர்க்கம்பி.

இன்னர்ல பெரிசா யோசிக்க ஒன்னுமில்ல. கியருக்கு 1.1 இல்லன்னா 1.2 மி.மீ., பிரேக்குக்கு 1.5 இல்லன்னா 1.6 மி.மீ., ஸ்டெயின்லெஸ்ஸா வாங்குங்க, சாதா வயர் நாலு மழையில துருப்புடிச்சிடும். மவுண்டன் பைக் பிரேக் வயர் தலை சின்ன உருளை மாதிரி இருக்கும், ரோடு பைக்குது பேரிக்கா ஷேப், மாத்தி வாங்கிட்டு வந்து முழிக்காதீங்க. கோட்டிங் போட்ட காஸ்ட்லி வயர் நானும் ஒரு தடவ போட்டேன், கொஞ்ச நாள்ல கோட்டிங் நாரு நாரா உரிஞ்சு அவுட்டருக்குள்ளயே அடச்சிக்கிச்சு, எனக்கு வேணாம்பா.

வெட்டும்போது சாதா கட்டிங் பிளேயர் போட்டா அவுட்டர் வாய் நசுங்கும், கேபிள் கட்டர் வேணும். வெட்டுன பிறகு உள்ள இருக்குற பிளாஸ்டிக் குழாய அம்மாவோட ஊக்கால குத்தி ஓட்டைய தொறந்து விடுவேன், முனைக்கு கேப் போட மறக்கக்கூடாது.

வெடிச்ச துண்ட கடை அண்ணன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். "ரெண்டும் ஒன்னுதான தம்பி"ன்னாரு. பிரேக் அவுட்டர் துண்டு ஒன்ன பக்கத்துல வச்சு முனைய காட்டுனேன், கொஞ்ச நேரம் பாத்தாரு, ஒன்னும் சொல்லல. மார்க்கர எடுத்து அந்த ரோல் மேல 'கியர்'னு எழுதி மாட்டிட்டாரு.