ஒரே நாரை, மூன்று ஓவியர்கள்: மோன்பெலியே

பிரான்சுக்குப் போய் வேட்டையில் வீழ்ந்த பறவைகளின் ஓவியங்களைத் தேடுபவர்கள் பெரும்பாலும் பாரிஸோடு திரும்பிவிடுகிறார்கள். தெற்கே மோன்பெலியேவில் இருக்கும் ஃபாப்ர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். காரணம் ஒரு செத்த நாரை.

1867இல் பாரிஸின் விஸ்கோந்தி தெரு ஸ்டுடியோவில் சிறகை விரித்துக் கிடத்திய அந்த நாரையை இளம் ஓவியர்கள் ஃப்ரெதெரிக் பஸீயும் அல்ஃப்ரெட் சிஸ்லியும் சேர்ந்தே, ஆளுக்கொரு படமாக வரைந்தார்கள். பஸீய் வரைந்துகொண்டிருப்பதை அவர்களுடைய நண்பர் ரெனுவார் இன்னொரு ஓவியமாக்கினார். மாதிரியாக உட்காரும் ஆளுக்குக் கூலி தர முடியாத இளைஞர்களுக்குப் பறவை தோதான மாதிரி. மீனை வைத்து வரைந்தால் அதன் மினுமினுப்பு சில மணி நேரத்தில் போய்விடும், கண் குழிந்துவிடும். குளிர்ந்த அறையில் இறகின் நிறமோ நாள்கணக்கில் நிற்கும்.

முதலில் பஸீயின் நாரை முன் நில்லுங்கள். நெட்டுவாக்கில் சுமார் 1 மீட்டர் உயரம், பக்கத்தில் துப்பாக்கி. வெள்ளைத் துணிமேல் சாம்பல் இறகு என்பது கஷ்டமான வேலை: கறுப்பை அள்ளிக் கலந்தால் பறவை அழுக்காகிவிடும். நிழல்களில் எவ்வளவு நீலம் இருக்கிறது என்று கிட்டே போய்ப் பாருங்கள். பிறகு சிஸ்லி. அதே பறவை, ஆனால் படம் குறுக்குவாக்கில். உட்கார்ந்த இடம் மாறினால் சிறகின் வடிவமே மாறிவிடுகிறது. இவ்வளவு தெளிவாக இதைக் காட்டும் இன்னொரு ஜோடி எனக்குத் தெரிந்து இல்லை.

ரெனுவாரின் படத்தில் பஸீய் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். ஓவியத் தாங்கியில் அந்த நாரை; காலில் சிவப்பு விளிம்பு வைத்த செருப்பு; பின்சுவரில் ஓவியர் நண்பர் மொனேயின் பனிக்காட்சி. 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் 28 வயதில் பஸீய் இறந்தார். எத்வார் மானே என்ற மற்றொரு ஓவியரிடம் இருந்த இந்தப் படத்தை 1876 இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் கண்காட்சியில் பார்த்த பஸீயின் அப்பா, மொனேயின் ‘தோட்டத்தில் பெண்கள்’ ஓவியத்தைக் கொடுத்து இதை வாங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய படத்தைக் கொடுத்து மகனின் முகத்தை வாங்கியிருக்கிறார்.

சிஸ்லி, ரெனுவார் படங்கள் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தின் உடைமை; ஃபாப்ரில் இரவலாக இருக்கின்றன. கடனாக வேறெங்கும் போயிருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஒப்பிடும் சுகம் போய்விடும். ஃபாப்ருக்குத் திங்கள் விடுமுறை; மற்ற நாள்களில் 10 முதல் 6 வரை. பாரிஸின் கார் து லியோன் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சுமார் மூன்றரை மணி நேரம். டிக்கெட்டில் ‘சேன் ரோக்’ நிலையம்தானா என்று பாருங்கள். அங்கிருந்து கோமெதி சதுக்கம் வழியாக நடந்தே போய்விடலாம். சில ரயில்கள் நிற்கும் ‘சுத் து பிரான்ஸ்’ நிலையம் நகருக்கு வெளியே இருக்கிறது.