மகரக்கட்டு உடைந்த வாரங்கள்

மார்ச் 4
நான் குளித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியை எடுத்த மகனை நான் என்றே எண்ணி, நண்பர் ஒருவர் தம் கடன் தொல்லையை ஐந்து நிமிடம் கொட்டித் தீர்த்திருக்கிறார். அவனுக்கு 15 வயது. போன மாதம் வரை கீச்சென்று ஒலித்த குரல், மகரக்கட்டு உடைந்து அடித்தொண்டைக்கு இறங்கிவிட்டது. குரல்வளை பெரிதாகிக் குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் வரும் மாற்றம் இது. அத்தனை கனத்த குரலில்தான், தன் காலணி எங்கே என்று அம்மாவிடம் கேட்டான்.

மார்ச் 7
மானிடவியலாளர் ஆர்னால்ட் வான் கெனப் 1909-இல் எழுதிய நூல், பருவச் சடங்குகளில் பிரிதல், இடைநிலை, மீண்டும் சேர்தல் என்ற மூன்று படிகளைக் காட்டுகிறது. என்னைப் பிடித்து நிறுத்தியது நடுப்படிதான். அதில் நிற்பவர் பிள்ளையும் அல்லர், பெரியவரும் அல்லர். அமெரிக்க நவாஹோ மக்களின் கினால்டா சடங்கில், பூப்பெய்திய பெண் நான்கு நாட்கள் கிழக்கு நோக்கி ஓடுகிறாள். கடைசி இரவில் மண்குழிக்குள் மக்காச்சோள அப்பம் வேக, ஊரார் விடிய விடியப் பாடுகிறார்கள். காலையில் அவளே அதைப் பகிர்ந்தளிக்கிறாள். அங்கே சில நாட்களில் கடக்கும் அந்த இடைநிலையை, நீண்ட படிப்பும் தள்ளிப்போகும் வேலையும் கொண்ட நம் காலம் பத்தாண்டுகளுக்கு இழுத்துவிட்டது. சடங்குகளில் வலியும் வற்புறுத்தலும் இருந்ததை மறந்து ஏங்க எனக்கு மனமில்லை. ஆனாலும், எப்போது முடியும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் 8
இரவு ஒரு மணிக்கும் அவன் கதவடியில் வெளிச்சக் கீற்று. இந்தப் பருவத்தில், தூக்கத்துக்கு உடலைத் தயாராக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு பிந்தித் தொடங்குவதால் தூக்கமும் பிந்துகிறது என்பதை அறிந்தும், காலையில் திட்டினேன்.

மார்ச் 12
சட்டத்தின் கணக்கோ இன்னும் குழப்பம். ஒருவரைப் பெரியவராகக் கருத 1876 முதல் 20 ஆக இருந்த வயதுவரம்பை ஜப்பான் 2022 ஏப்ரல் 1 அன்று 18 ஆகக் குறைத்தது. ஆயினும் மதுவுக்கும் புகையிலைக்கும் 20 வயதே நீடிக்கிறது. பெற்றோர் ஒப்புதலின்றி ஒப்பந்தத்தில் கையெழுத்திடலாம், ஒரு கோப்பை மது அருந்தக் கூடாது. ஆஸ்திரியாவில் 16 வயதிலேயே வாக்களிக்கலாம். திட்டமிடலையும் தன்னடக்கத்தையும் கவனிக்கும் மூளையின் முன்புறணியோ இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. இதைக் காட்டி இளையோரின் உரிமையைத் தள்ளிப்போடுவோரை நான் ஏற்பதில்லை. நிதானமாக யோசிக்க இடமிருந்தால் 16 வயதினர் பெரியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே முடிவெடுக்கிறார்கள், தோழர்கள் சூழ்ந்திருக்கும் பரபரப்பில்தான் தடுமாறுகிறார்கள்.

மார்ச் 19
நண்பர் இன்று நேரில் வந்து, அன்று பேசியது என் மகனிடம் என்பதை அறிந்து வெளிறிப்போனார். அவர் போன பிறகு, அதை யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். "அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை அப்பா, அது அவருடைய விஷயம் அல்லவா?" என்றான், பாதியில் கீச்சிட்ட குரலைச் செருமிச் சரிசெய்தபடி.