வேரை மிதிக்காமல் ஓர் அடவு

ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாக்கெரே மலைக்காட்டுக்குள் போவதற்கு முன் ஷூவைச் சுத்தம் செய்தாக வேண்டும். பாதையின் வாசலிலேயே பிரஷ் பொருத்திய மேடை இருக்கும். அடியில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துவிட்டு, கிருமிநாசினியை மிதித்து உள்ளே போகலாம். திரும்பி வரும்போதும் அதே கதைதான். புதிதாக வந்தவர்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

எல்லாம் கவுரி மரத்துக்காக. நியூசிலாந்தின் வடக்குப் பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் இந்த மரங்களில் பெரும்பகுதியை 19ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் பலகைக்காக வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருப்பதை இப்போது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் அழித்துவருகிறது. ஃபைட்டோஃப்தோரா வகையைச் சேர்ந்தது. கவுரியின் உணவு உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தரைக்குச் சற்றுக் கீழேயே பரவியிருக்கும்; கிருமி அங்கேதான் புகுகிறது. இலை மஞ்சளாகும், அடிமரத்தில் பிசின் வடியும், அப்புறம் மரம் நின்றபடியே காய்ந்துபோகும். இதற்கு முழுமையான மருந்து இல்லை. ஒட்டிய மண்ணோடு கிருமியைச் சுமந்து போவதில் மனிதக் காலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2017 டிசம்பரில் அந்தக் காட்டின் மண்ணுக்குரிய மாவோரி மக்களான தே கவெராவ் ஆ மாக்கி, யாரும் உள்ளே வரக்கூடாது என்று ‘ராஹுய்’ எனும் தடையை அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு நகராட்சியும் காட்டின் பெரும்பகுதியை மூடியது. பிறகு பாதைகளைச் செப்பனிட்டு, பல இடங்களில் மரப்பலகை நடைபாதை போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவருகிறார்கள்.

நான் சனிக்கிழமைகளில் ஒரு சமூகக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பிழைப்பே தரையை மிதிப்பதுதான். அரைமண்டியில், அதாவது முழங்காலை மடக்கிய பாதி அமர்வில், உட்கார்ந்து பாதத்தால் தரையைத் தட்டும் தட்டடவு போட்டால் கூடம் அதிர வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். வகுப்பு தொடங்கும்போதும் முடியும்போதும் தட்டிக்கும்பிடுவோம். மிதிப்பதற்காகப் பூமியிடம் மன்னிப்புக் கேட்பது அது. மதுரையில் அதை ஒரு சடங்காகத்தான் செய்துவந்தேன். இங்கே காட்டுக்குப் போய்வந்த மறு வாரம் ஒரு சிறுமி கேட்டாள்: “ஆன்ட்டி, சாரி சொல்லிட்டு மிதிச்சா கவுரிக்கு ஓகேவா?” எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் கவுரியை ஆடிப் பார்க்கும் எண்ணம் வந்தது. பழைய நாட்டிய நூலான அபிநய தர்ப்பணத்தில் மரங்களுக்கென்றே கை முத்திரைகள் உண்டு; அரச மரத்துக்கு அலபத்மம், வாழைக்கு முகுளம். கவுரிக்கு அதில் இடமில்லை, நாமே தேட வேண்டியதுதான். மரத்தைக் கவனிக்கக் கவனிக்க ஆட்டம் அதிலேயே இருந்தது. இளங்கவுரி ஈட்டிபோல ஒல்லியாக, கூம்பாக நிற்கும். வளர வளரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். வெளிச்சத்தை எட்டிய பிறகுதான் உச்சியில் கைகளை விரிக்கும். பட்டையையும் செதில் செதிலாக உதிர்ப்பதால் அடிமரத்தில் கொடிகள் எளிதில் பற்றுவதில்லை. ஆக, முதலில் சேர்த்த கை, பிறகு ஒவ்வொன்றாக விடுவது, கடைசியில்தான் விரிவு. கையை விரித்துக் காற்றில் ஆட்டினால் மரம் என்று நாம் வழக்கமாகக் காட்டும் பொது மரம் இதற்கு ஒத்துவராது.

வடக்கே வைப்பௌவா காட்டில் இருக்கும் ‘தானே மஹூத்தா’ என்ற மரத்தையும் போய்ப் பார்த்தோம். உயிரோடிருக்கும் கவுரிகளில் அதுதான் மிகப் பெரியது; உயரம் 50 மீட்டருக்கு மேல், சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். ‘தானே’ ஒரு மாவோரிக் கடவுளின் பெயர்; ‘காட்டின் தலைவனான தானே’ என்று பொருள். இறுக அணைத்துக் கிடந்த வானத் தந்தையையும் பூமித் தாயையும் பிரித்து உலகுக்கு வெளிச்சம் கொடுத்தவன் தானே என்பது மாவோரி தொன்மம். மல்லாந்து படுத்து, காலால் வானத்தை உந்தித் தள்ளினானாம். எங்கள் கால்கள் கீழ்நோக்கியே பழகியவை. வானத்தை நோக்கிய கால் என்றால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது திருவாலங்காட்டு ஊர்த்துவ தாண்டவம்தான். ஆனால் அது காளியோடு ஆடிய போட்டியில் சிவன் தூக்கிய கால். இது பெற்றோரைப் பிரித்த கால். இரண்டையும் ஒன்றாக்கிவிட எனக்கு மனமில்லை.

என் மகள் பள்ளியில் கபா ஹாக்கா எனும் மாவோரிக் குழு ஆடல்பாடல் கற்கிறாள். அதில் கைவிரல்கள் விடாமல் நடுங்கும், ‘விரி’ என்பார்கள். கோடை வெயிலில் தரைக்கு மேல் மினுங்கும் அனலின் ஆட்டம் அது. எங்கள் கவுரி நடன உருப்படியில் அதைச் சேர்க்கலாமா என்று அவள் கேட்டாள். அவளுடைய ஆசிரியையிடம் கேட்டுப் பார்த்தேன். “பிள்ளைகள் முதலில் எங்களோடு ஒரு வருடம் ஆடட்டும், அப்புறம் பேசலாம்” என்றார். சரியான பதில். நம் நாட்டில் ஒருவர் ஒரு மாதம் பரதம் கற்றுவிட்டு, நுட்பமான அபிநயம் கேட்கும் பதம் ஆட வந்தால் நாம் என்ன சொல்வோம்?

தமிழுக்கும் இந்த மண்ணுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்பவர்களிடம் வெலிங்டன் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ள தமிழ் மணியைச் சொல்வேன். பழைய தமிழ் எழுத்துப் பொறித்த கப்பல் மணியின் உடைந்த பகுதி அது. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் கண்டபோது மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். புயலில் சாய்ந்த மரத்தின் வேருக்கடியில் கிடைத்தது என்றார்களாம். அது எப்படி இங்கே வந்தது என்பது இன்றும் புதிர். இதை வைத்துச் சோழர் இங்கே வந்தார்கள் என்று வாட்ஸப்பில் பரப்பும் மாமாக்களோடு வாதாடுவதை நான் விட்டுவிட்டேன்.

உருப்படி ஆண்டு விழாவுக்குத் தயாராகிவருகிறது. மரத்தைச் சுற்றிய வட்டத்துக்குள் தட்டடவு கிடையாது; முன்பாதம் மட்டும் ஊன்றி நகர வேண்டும், சலங்கை சத்தமே வரக்கூடாது. தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இது காலை நீட்டி வைக்கும் நாட்டடவைவிடக் கஷ்டமாக இருக்கிறது. கெண்டைக்கால் வலி என்று தினம் ஒரு புகார். “எங்க பொண்ணு தட்டுறதே கேக்கலையே, ஃபீஸ் கட்டுறோமே” என்று ஒரு அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார். மரமாக நிற்க யாருக்கும் ஆசையில்லை. கிருமியின் வித்துக்கு இரண்டு வால், ஈரமண்ணில் நீந்தும் என்று சொன்னதிலிருந்து எல்லோருக்கும் அந்த வேஷம்தான் வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றிருக்கிறேன்.